பாதிச் சங்கு

இந்த வருடம் சூரசம்ஹாரத்துக்குத் திருச்செந்தூர் போயிருந்தேன். பேருந்தை விட்டு இறங்கினால், ஒரு பெண் காவலர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒரு சின்னப் பெண்ணின் மணிக்கட்டில் பட்டை கட்டிக்கொண்டிருந்தார். அதில் குழந்தையின் பெயரும் அப்பாவின் செல்பேசி எண்ணும். கூட்டத்தில் பிள்ளை தவறினால், கண்டவர் யாராக இருந்தாலும் ஒரு அழைப்பு, கதை முடிந்தது. நான் பாதையை மறித்து நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். "என்ன ஆச்சி, உங்க பேத்தியா?" என்று கேட்டார். "இல்ல தாயி. எங்க பொழப்பை நீ ஒரு நிமிசத்துல முடிச்சிட்ட, அதைத்தான் பாக்கேன்" என்றேன். ஏதோ கிழவி உளறுகிறாள் என்று சிரித்துவிட்டு அடுத்த பிள்ளைக்குப் போய்விட்டார்.

நான் உளறவில்லை. கோமதி அத்தை தொடங்கிய குழந்தைகள் இல்லத்தில் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது அங்கே வேலை பார்க்கிற புதுப் பிள்ளைகள், கணினியில் முகத்தைப் போட்டால் ஊரைச் சொல்கிற காலத்துப் பிள்ளைகள், என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்பார்கள்: "சித்தி, இதெல்லாம் இல்லாம அந்தக் காலத்துல எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" நான் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடித்தவர் அத்தை. நான் பக்கத்தில் நின்று வாயைப் பிளந்து பார்த்தவள். பார்த்ததை எழுதிவைக்கவாவது வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

அத்தை முதலில் பாளையங்கோட்டையில் தொலைபேசி இணைப்பகத்தில் வேலை பார்த்தவர். காதில் கருவியை மாட்டிக்கொண்டு நாள் முழுக்க ஊரார் குரலைக் கேட்கிற வேலை. சஷ்டி வந்தால் விடுப்புப் போட்டுவிட்டுத் திருச்செந்தூருக்குப் போய், காணாமல்போன பிள்ளைகளை வைத்திருக்கும் ஒலிபெருக்கிக் கொட்டகையில் உட்கார்ந்துவிடுவார். "நீலச் சட்டை போட்ட பையன் இங்கன இருக்கான், பெத்தவங்க ஓடி வாங்க" என்று அவர் மைக்கில் சொன்னால் கடலே அடங்கிக் கேட்கிற மாதிரி இருக்கும் என்பார்கள். ஒரு வருடம் கூட்டமெல்லாம் கலைந்த பிறகும் ஒரு பையனைத் தேடி யாரும் வரவில்லை. காவல் நிலையத்தில் சொல்லிவிட்டு, ரெண்டு நாளைக்கு மட்டும் என்று அத்தை அவனை வீட்டுக்குக் கூட்டி வந்தார். அந்த ரெண்டு நாள்தான் எங்கள் இல்லம். இன்றைக்கும் முடியவில்லை.

நான் சேர்ந்தபோது அது முறையான இல்லமாகிவிட்டது. பாளையங்கோட்டைக்கு வெளியே, ஆற்றுக்குப் போகிற சாலையில் ஓட்டு வீடு, பெரிய வாசல், வேப்பமரம். எனக்குக் கணவர் இல்லை, பிள்ளை இல்லை, வாய் மட்டும் உண்டு. முதல் சில வருடங்கள் பேன் பார்த்தேன், சிரங்குக்கு மருந்து போட்டேன், நனைந்த பாயைக் காயப்போட்டேன். பயிற்சி என்று சொல்ல அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

சேர்ந்த அன்றே அத்தை ஒரு சட்டம் சொன்னார். "இங்கன யாரையும் பிள்ளையள் அம்மான்னு கூப்பிடக் கூடாது. நான் அத்தை. நீ சித்தி. சமையல்காரி காந்திமதி பெரியம்மைகூட கிடையாது, அவ மதினி." எனக்குச் சுருக்கென்றது. பெற்றவள் இல்லாத பிள்ளை ஆசையாக ஒரு தடவை அம்மா என்று கூப்பிட்டால் என்ன குடி முழுகிப்போகும்? கேட்டும் விட்டேன். அத்தை கோபப்படவில்லை. "கொட்டகையில உக்காந்து பாத்திருக்கேன் லெட்சுமி. மைக்குல ஒரு பிள்ளை அம்மான்னு அழுதா, கடக்கரையில நிக்க அத்தனை பொம்பளையும் திரும்புவா. ஆனா ஓடி வாரது ஒருத்திதான். அவ வரும்போது அந்த இடத்துல நாம உக்காந்திருக்கக் கூடாது" என்றார்.

இதில் அவர் யாருக்கும் வளைந்து கொடுத்ததில்லை. ஒரு தடவை வள்ளியூரில் வியாபாரிகள் பாராட்டு விழா வைத்தார்கள். மேடையில் பெரிய பதாகை, அத்தையின் படம், 'அநாதைகளின் அன்னை' என்று ஆளுயர எழுத்து. அத்தை மேடைப் படியில் கால் வைத்தவர் நின்றுவிட்டார். "அண்ணாச்சி, அதை மறைங்க, ஏறுதேன்" என்றார். ஆளுக்கு ஆள் சமாதானம் சொல்லிப் பார்த்தார்கள். கடைசியில் தலைவருக்குப் போர்த்த வைத்திருந்த பொன்னாடையை எடுத்து அந்த இரண்டு சொல்லின் மேலும் தொங்கவிட்டார்கள். தலைவர் கடைசி வரைக்கும் உம்மென்று உட்கார்ந்திருந்தார். திரும்பி வரும்போது பேருந்தில் நான் சிரித்த சிரிப்பில் கண்டக்டர் டிக்கெட் கொடுக்க மறந்துபோனார்.

புதிதாக ஒரு பிள்ளை வந்தால் அத்தை விசாரிக்கிற முறையை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் புல்லரிக்கும். முதலில் தண்ணீர். பிறகு பிள்ளையைத் திண்டிலோ நாற்காலியிலோ உயரமாக உட்காரவைத்து, தான் தரையில் உட்காருவார். பேர் என்ன, ஊர் என்ன என்று கேட்கவே மாட்டார். "அதைத்தான் போலீஸ்காரர்ல இருந்து பூக்காரி வரைக்கும் கேட்டுப் பயமுறுத்தியாச்சே" என்பார். அரைமணி நேரம் சும்மா இருப்பார். பிறகு பைய, ரகசியம் சொல்கிற மாதிரி, "உங்க வீட்டுல காலையில என்ன சத்தம் கேக்கும்?" என்பார்.

மூன்று வயதுப் பிள்ளைக்கு ஊர்ப் பேர் தெரியாது. சத்தம் தெரியும். ஒரு பிள்ளை டடக் டடக் என்று தறி ஓடுகிற மாதிரி நாக்கைத் தட்டிக் காட்டியது. இன்னொன்று கையைக் காதில் வைத்துப் பாங்கு சொல்லிக் காட்டியது. "கண்ணு பாத்ததைப் பிள்ளை மறந்துரும். காது மறக்காது" என்பது அத்தையின் கட்சி. உங்களுக்கு என்ன சத்தம் என்று நான் ஒரு நாள் கேட்டேன். "எங்கம்மா வளையல் சத்தம். கிணத்தடியில. எனக்குப் பல்லு விழுந்து முளைக்கதுக்குள்ள போயிட்டா. இப்பவும் தண்ணி எறைக்க சத்தம் கேட்டா வளையலுக்குக் காது போவுது" என்றார்.

இனி வள்ளியின் கதைக்கு வருகிறேன்.

ஒரு சூரசம்ஹாரத்தன்று திருச்செந்தூர்க் கடற்கரையில் கிடைத்த பெண் பிள்ளை அவள். மூன்று வயதுக்கு மேல் இராது. யாரும் தேடி வரவில்லை. பேர் தெரியாததால் காவல் நிலையத்திலேயே வள்ளி என்று எழுதிவிட்டார்கள். மற்றப் பிள்ளைகள் அழும், இவள் அழவும் இல்லை. தண்ணீர் கொடுத்தாச்சு, உயரத்தில் உட்காரவைத்தாச்சு, சத்தம் கேட்டாச்சு. வாய் திறக்கவில்லை. மாதங்கள் போயின. பேச்சு வராத பிள்ளையோ என்று மருத்துவரிடம் காட்டினோம். காதும் நாக்கும் நன்றாக இருப்பதாகச் சொன்னார். செய்தித்தாளில் படம் போட்டும் பார்த்தோம். ஒரு பதிலும் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் மதுரையிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். இருவரும் ஆசிரியர்கள், தங்கமான மனிதர்கள். தத்தெடுக்கக் காத்திருந்தவர்கள். வள்ளி அந்த அம்மாவின் சுண்டு விரலைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. எனக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. யாரும் உரிமை கேட்டு வராவிட்டால் அந்த மாத முடிவில் வள்ளியைத் தத்துக்கு விடலாம் என்று குழந்தைகள் நலக் குழு முடிவு செய்தது. நாங்கள் எல்லாரும் புதுக் கவுன் தைக்கக் கொடுத்துவிட்டோம். அத்தை மட்டும் வள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் மத்தியானம், எங்கள் சாலை வழியாக ஆற்றங்கரைக்கு ஒரு சவ ஊர்வலம் போயிற்று. சங்கு ஊதிக்கொண்டு முன்னால் நடந்தவர் முத்தையா. பக்கத்துத் தெரு, எங்களுக்கு நன்றாகத் தெரிந்தவர். சங்குச் சத்தம் கேட்டதும் பிள்ளைகள் எல்லாம் பயந்து உள்ளே ஓடின. சாலைத் திருப்பத்தில் அவர் ஒரு தடவை விடாமல் நீட்டி ஊதியதும் வள்ளி துள்ளி எழுந்தாள். இரண்டு கையாலும் தலைமுடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டு, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, வாசலுக்கு ஓடினாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு எம்பி எம்பிக் குதித்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"எம்மா வாரா! எம்மா வாரா!"

அதுதான் அவள் பேசிய முதல் பேச்சு. ஊர்வலம் கடந்து போயிற்று. பாடைக்குப் பின்னால் போகிற ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். கடைசி ஆளும் போன பிறகு சிரிப்பு அணைந்து, அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

காந்திமதி மதினி கரண்டியோடு ஓடிவந்தவள் தலையில் அடித்துக்கொண்டாள். "அய்யோ, இவ அம்மை செத்துல்லா போயிருக்கா! சங்கு ஊதித் தூக்கிட்டுப் போனதைப் பச்சப்பிள்ளை பாத்திருக்கு. அதாம் சங்கு கேட்டா அம்மை வாராங்கு!" எங்களுக்கு எல்லாம் அது அப்படியே மனசில் இறங்கிவிட்டது. வேறு எப்படி நினைப்போம்? எங்கள் ஊரில் தெருவில் சங்கு கேட்டால் ஒரே அர்த்தம்தானே. நான் அழுதுவிட்டேன். பாவம் பிள்ளை, மதுரைக்குப் போயாவது நன்றாக இருக்கட்டும் என்று சொன்னேன்.

அத்தை மட்டும் அழவில்லை. "லெட்சுமி, அவ சிரிச்சாளா, இல்லையா?" என்றார். சிரித்தாள் என்றேன். "செத்த வீட்டுல பிள்ளை என்னத்தைப் பாத்திருக்கும்? எல்லாரும் அலறுததைத்தான் பாத்திருக்கும். அந்தச் சத்தத்துக்குப் பிள்ளை பயப்படணும். இவ தலையைச் சீவிட்டுல்லா ஓடுதா" என்றார். பிறகு ஒரு காரியம் செய்தார். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

மறுநாள் முத்தையாவைச் சங்கோடு வரச் சொன்னார்.

மதினி சமையலை நிறுத்திவிட்டாள். "சாவு விழாத வீட்டுல சங்கு ஊதுனா சாவு விழும். நான் போறேன்" என்று சேலையை மடித்துப் பைக்குள் திணித்தாள். முத்தையாவே வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. "வேண்டாம். பச்சப்பிள்ளையள் இருக்க வீடு" என்றார்.

"சங்கு கோயில்லயும்தானே ஊதுதாவ?" என்றார் அத்தை.

"கோயில்ல ஊதுத கை வேற, எங்கை வேற. ஊர்ல நாலு பேரு என்னை என்ன சொல்லுவாவ?"

அத்தை படியிறங்கி அவர் அருகே போனார். "முத்தையாண்ணே, ஒரு நாள் நீங்க எனக்கு ஊதத்தானே போறிய? அதுல பாதியை இன்னைக்கு ஊதிருங்க. மீதியை நான் போவும்போது ஊதினாப் போதும். அப்போ இது எஞ்சாவுக்கு ஊதுத சங்கு. பிள்ளையளுக்கு ஒண்ணும் வராது."

முத்தையா அத்தையையே பார்த்தார். அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

அத்தை தரையில் உட்கார்ந்து வள்ளியைத் திண்டில் ஏற்றினார். முத்தையா சாவுக்கு ஊதுகிற மாதிரியே விட்டு விட்டு ஊதினார். வள்ளி அவரைப் பார்த்தாள், அவ்வளவுதான். "நேத்து திருப்பத்துல ஊதுன மாதிரி விடாம, ஒரே மூச்சா நீட்டி ஊதுங்கண்ணே" என்றார் அத்தை. முத்தையா கன்னம் உப்ப, கழுத்து நரம்பு புடைக்க நீட்டினார். ஓடெல்லாம் அதிர்ந்தது. வள்ளி முகம் மலர்ந்தது. தலையை ஒதுக்கினாள், சட்டையை இழுத்துவிட்டாள். இறங்கி வந்து, தரையில் உட்கார்ந்திருந்த அத்தையின் பின்னால் நின்றுகொண்டு, அவர் தலைமுடியிலிருந்து எதையோ கிள்ளிக் கிள்ளி எடுத்தாள். அங்கே ஒன்றும் இல்லை. எடுத்ததை உள்ளங்கையில் உருட்டி, பூ என்று ஊதினாள். மறுபடியும் கிள்ளினாள்.

"பேன் பாக்காளா?" என்றேன்.

அத்தை அசையவில்லை. மூச்சுக்கூட விட்டாரோ என்னவோ. "பேனுன்னா நசுக்குவா. இவ ஊதுதா" என்றார். பிறகு, "பஞ்சு. பஞ்சு எடுக்கா லெட்சுமி. இது சாவுச் சங்கு இல்ல. மில்லுச் சங்கு. சங்கு ஊதுனதும் இவ அம்மை தலையெல்லாம் பஞ்சோட வேலை முடிச்சு வாரா!"

எனக்கு நின்ற இடத்திலேயே கும்பிட வேண்டும் போல இருந்தது. நாங்கள் அத்தனை பேரும் அந்தப் பெண்ணைப் பாடையில் ஏற்றி அனுப்பிவிட்டோம். இவர் அவளை மில் வாசலில் உயிரோடு நிறுத்திவிட்டார். மதினி சத்தம் போடாமல் பையிலிருந்து சேலையை எடுத்துக் கொடியில் போட்டுவிட்டு உலை வைக்கப் போனாள்.

குழுவின் தலைவியம்மா நல்லவர். "பஞ்சையும் சங்கையும் வச்சு நான் என்ன உத்தரவு போட முடியும்? ஆனா மாசம் முடியும்வரை தேடுங்க" என்றார். மதுரைக்காரர்களிடம் அத்தையே தொலைபேசியில் பேசினார். அந்த அம்மா அழுதது எனக்கு வெளியே கேட்டது. "அவ அம்மா இருந்தா அவகிட்டயே போகட்டும்மா" என்றுதான் கடைசியில் சொன்னார். அந்தத் தம்பதிக்குப் பிறகு வேறு ஒரு பெண் குழந்தை கிடைத்தாள் என்று கேள்விப்பட்டேன்.

மில் இருக்கிற ஊர் ஒன்றா இரண்டா? வள்ளியைத் தூக்கிக்கொண்டு நானும் அத்தையும் பேருந்து பேருந்தாக ஏறினோம். ஒரு ஊரில் சங்கு ஊதியதும் வள்ளி காதைப் பொத்திக்கொண்டாள். இன்னொரு ஊரில் கண்டுகொள்ளவே இல்லை. கடைசியாக விக்கிரமசிங்கபுரம் போனோம். பொதிகை மலை அடிவாரம் வரைக்கும் மேகம் இறங்கியிருந்தது. மில் சாலையில் இறங்கி நடந்துகொண்டிருக்கும்போதே சங்கு ஊதிற்று. நீளமாக, விடாமல், முத்தையா நீட்டிய அதே மாதிரி.

வள்ளி என் இடுப்பிலிருந்து வழுக்கி இறங்கினாள். எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஒரு தேநீர்க் கடை ஓரமாகக் கிடந்த துவைகல்லில் போய் ஏறி உட்கார்ந்துகொண்டு, தலையை ஒதுக்கினாள். மில் வாசலிலிருந்து சைக்கிள்கள் மணியடித்துக்கொண்டு வந்தன. பெண்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். ஒருத்தி தலை தவறாமல் பஞ்சு. நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

கடைக்காரப் பெண் பாய்லரை விட்டு வெளியே வந்தவள் கத்தினாள். "ஏட்டி, முப்பிடாதி! இது நம்ம இசக்கியம்மா மகள்லா! எங்கட்டி போயிருந்த?"

பெயரும் கிடைத்தது. அந்த நிமிடத்திலிருந்து அத்தை வள்ளி என்ற பெயரைச் சொல்லவே இல்லை. முப்பிடாதிதான்.

விஷயம் இதுதான். இசக்கியம்மா மில்லில் கூலிக்கு வேலை பார்த்தவள். ஒரு சண்டைக்குப் பிறகு புருஷன், திருச்செந்தூருக்குப் போகிறேன் என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனவன் வீடு திரும்பவில்லை. அவன் அண்ணன் இருக்கிற திருப்பூருக்குக் கொண்டுபோய்விட்டான் என்று இவள் நினைத்தாள். அவனோ கூட்டத்தில் பிள்ளையைத் தொலைத்துவிட்டு, முகம் காட்டப் பயந்து எங்கோ போய்விட்டான். பிள்ளை அப்பனிடம் இருக்கிறாள் என்று நம்பியவள் காணவில்லை என்று ஏன் புகார் கொடுக்கப் போகிறாள்? வேலையை விட்டுவிட்டு, திருப்பூரில் பனியன் கம்பெனியில் சேர்ந்து, தெருத் தெருவாகத் தேடிக்கொண்டிருந்தாள். கடைக்காரப் பெண் ஆள் மேல் ஆள் விட்டுச் சேதி சொல்லி அனுப்பினாள். நாங்கள் பிள்ளையோடு இல்லத்துக்குத் திரும்பினோம்.

மாதம் முடியப் போகிற நேரத்தில் ஒரு காலை இசக்கியம்மா வந்தாள். எலும்பும் தோலுமாக இருந்தாள். முடியை ஒட்ட வெட்டியிருந்தாள். காய்ச்சலில் கொட்டிவிட்டதாம். முப்பிடாதி வேப்பமரத்தடியில் விளையாடிக்கொண்டிருந்தாள். இவள் கை நீட்டினாள், பிள்ளை என் பின்னால் வந்து ஒளிந்துகொண்டது. "ஏட்டி, அம்மாட்டி" என்றாள். பிள்ளை என் சேலையை இன்னும் இறுக்கிப் பிடித்தது. இசக்கியம்மா அப்படியே மண்ணில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள். குழுவுக்கு முன்னால் பிள்ளை இப்படி ஒதுங்கினால் யார் நம்புவார்கள்?

அத்தை விறுவிறுவென்று உள்ளே போனார். திரும்பி வந்தபோது அவர் கையில் ஒரு தலையணை. பல்லால் தையலைக் கடித்துக் கிழித்தார். ஒரு பிடி பஞ்சை எடுத்து, இசக்கியம்மாவின் வெட்டிய முடியிலும் தோளிலும் பிய்த்துப் பிய்த்துப் போட்டார். அவள் ஒன்றும் புரியாமல் நிமிர்ந்தாள். "பேசாத. திரும்பி உக்காரு. பிள்ளைக்கு முதுகைக் காட்டு. பைய இரு" என்றார் அத்தை.

முப்பிடாதி என் சேலைக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். ஒரு அடி வந்தாள். நின்றாள். பிறகு போய் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்று, ஒரு துணுக்கைக் கிள்ளி, உருட்டி, பூ என்று ஊதினாள். இன்னொன்று. இன்னொன்று. காற்றில் பஞ்சு பறந்தது. இசக்கியம்மாவின் தோள் குலுங்கிற்று. ஆனால் அவள் திரும்பவில்லை. தலை சுத்தமான பிறகு பிள்ளைதான் முன்னால் வந்து, மடியில் ஏறி உட்கார்ந்து, "எம்மா, சங்கே ஊதலியே?" என்றது.

காந்திமதி மதினி அடுப்படியில் ஓவென்று அழுதாள். நானும் அழுதேன். அத்தை கிழிந்த தலையணையைக் கையில் வைத்துக்கொண்டு, தொலைவில் போய் நின்றுவிட்டார். அந்த இடத்தை அவர் ஒரு நிமிடம்கூட அடைக்கவில்லை.

அதற்குப் பிறகு எத்தனையோ பிள்ளைகள். அத்தனையும் எழுதக் கை வலிக்கும். அத்தை போன வருடம் போய்ச் சேர்ந்தார். எங்கெங்கோ இருந்த பிள்ளைகள் வந்து வாசல் கொள்ளவில்லை. முப்பிடாதி தன் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். முத்தையாவுக்கு இப்போது கண் சரியாகத் தெரியாது, ஊதுவதையும் விட்டுவிட்டார். ஆனால் தடியை ஊன்றிக்கொண்டு சங்கோடு வந்துவிட்டார். வேறு ஆள் ஊதத் தயாராக நின்றிருந்தான். "தள்ளுலே. இது எங்கணக்கு. பாதி பாக்கி இருக்கு" என்றார்.

விட்டு விட்டுத்தான் ஊதுவார் என்று நினைத்தேன். நீட்டி ஊதினார். விடாமல், ஒரே மூச்சாக, மில்லுச் சங்கு மாதிரி. கூடியிருந்தவர்கள் எல்லாரும் குலுங்கிக் குலுங்கி அழுதார்கள். முப்பிடாதி மட்டும் அழுகையை நிறுத்திவிட்டு அத்தை பக்கத்தில் குனிந்தாள். அவர் நரைமுடியில் ஒட்டியிருந்த ரோஜா இதழை ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுத்தாள், முடியை ஒதுக்கிவிட்டாள், சேலைத் தலைப்பைச் சரி செய்தாள். பிறகு வாசலைப் பார்த்தாள்.

"என்னட்டி பாக்க?" என்றேன்.

"சங்கு ஊதியாச்சே சித்தி" என்றாள். "அத்தைக்கு அவங்க அம்மா வந்திருப்பாங்க."